ஸ்கூல் தோட்டம், கம்போஸ்ட், ரீசைக்கிளிங் பின்: எங்க கோளாறுன்னு அறிகுறிய வெச்சு கண்டுபிடிக்கிறது

ஸ்கூல்ல தோட்டம் ஆரம்பிக்கிறது ஈசி, மூணாவது மாசம்தான் கஷ்டம். கம்போஸ்ட் பின் நாற ஆரம்பிக்கும், செடி மஞ்சளாகும், பேப்பருக்குன்னு வெச்ச டப்பாவுல பாதி கடிச்ச பழம் கெடக்கும், ஆர்வமா வந்த பசங்கள்ல பாதி பேர காணோம். கீழ ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. உங்களுக்கு எது நடக்குதோ நேரா அங்க போங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஸ்கூல் கேலண்டரையும் டியூட்டி லிஸ்ட்டையும் எடுத்து வெச்சு பாருங்க. வீட்டுத் தோட்டத்துல ஒருத்தர் தண்ணி ஊத்துவாங்க. ஸ்கூல்ல ஒண்ணு ஒரு கிளாஸ் முழுக்க வந்து ஊத்தும், இல்லன்னா பரீட்சை வாரம்னு யாருமே எட்டிப் பாக்க மாட்டாங்க, நடுவுல ஒண்ணும் கிடையாது. மண்ணுல என்ன குறைன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருப்பாங்க, கடைசியில பாத்தா லீவுக்கு அடுத்த வாரம்தான் பிரச்சனையே ஆரம்பிச்சிருக்கும். அதனால எப்ப ஆரம்பிச்சுது, அந்த வாரம் யாரு டியூட்டி, அதுக்கு முன்னாடி லீவு இருந்துச்சா, இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறம் மண்வெட்டிய எடுங்க.

இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான். தண்ணியக் குறைச்சு, உரத்தையும் போட்டு, தொட்டியையும் இடம் மாத்திட்டீங்கன்னா எதனால சரியாச்சுன்னு தெரியவே தெரியாது, அடுத்த வருஷம் திரும்பவும் முதல்ல இருந்து வரணும். ஒரு மாத்தம் பண்ணுங்க, ஒரு வாரம் விடுங்க, நோட்டுல எழுதுங்க. நோட்டு தோட்டத்துலயே தொங்கணும், ஸ்டாஃப் ரூம்ல இருந்தா யாரும் எழுத மாட்டாங்க.

கம்போஸ்ட் பின் நாறுது

எந்த மாதிரி நாத்தம்னு முதல்ல பிரிச்சுக்கணும், ஏன்னா ரெண்டு நாத்தத்துக்கும் காரணம் வேற.

அழுகின முட்டை மாதிரி, சாக்கடை மாதிரி வந்தா உள்ள காத்து இல்லன்னு அர்த்தம். காத்து இருந்தா வேலை செய்யுற நுண்ணுயிர் வேற, காத்து இல்லாத எடத்துல பெருகுறது வேற, இந்த ரெண்டாவது கூட்டம்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுவ விடுது. பெரும்பாலும் தண்ணி அதிகமானதுதான் காரணம், பழத்தோல், காய்கறித் தோல்ல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், அத மட்டும் தினமும் கொட்டிக்கிட்டே இருந்தா அடியில கூழாகி காத்துப் போற வழிய அடைச்சிடும். பின்னோட அடியில ஓட்டை இருக்கா, அது அடைச்சுக்கிச்சான்னு பாருங்க. அப்புறம் மொத்தத்தையும் வெளிய தள்ளி, காஞ்ச சருகு, கிழிச்ச அட்டை, இதெல்லாம் நெறைய கலந்து திரும்ப உள்ள போடுங்க. கையளவு எடுத்து பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், அதான் அளவு. ஒழுகிச்சுன்னா இன்னும் சருகு, ஒண்ணுமே வரலன்னா கொஞ்சம் தண்ணி. கணக்கா சொன்னா ஈரப்பதம் 50-ல இருந்து 60 சதவீதம், ஆனா அத அளக்க மீட்டர்லாம் வேணாம், கையே போதும்.

கண்ணு எரியுற மாதிரி காட்டமா, அமோனியா வாசனை வந்தா அது வேற கதை. பச்சை சரக்கு (புல்லு, காய்கறித் தோல் மாதிரி நைட்ரஜன் உள்ளது) அதிகம், கார்பன் (சருகு, அட்டை) கம்மி. வெட்டின புல்ல மூட்டையா கொண்டு வந்து கொட்டுன அடுத்த நாள் இது கண்டிப்பா வரும். கார்பனும் நைட்ரஜனும் 25-ல இருந்து 30-க்கு 1-ங்கற விகிதத்துல இருந்தா நுண்ணுயிருக்கு தோதா இருக்கும், அதவிட நைட்ரஜன் கூடிப்போச்சுன்னா மிச்சத்த அது அமோனியாவா காத்துல விட்டுடும், அதாவது உங்க செடிக்குப் போக வேண்டிய சத்து மூக்குக்குப் போகுது. பசங்களுக்கு விகிதம் எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு பக்கெட் பச்சைக்கு ரெண்டு மூணு பக்கெட் சருகுன்னு சொல்லுங்க, அது போதும்.

நெறைய ஸ்கூல்ல இதுக்கு நிரந்தரத் தீர்வு என்னன்னா, கம்போஸ்ட் பின்னுக்குப் பக்கத்துலயே ஒரு பெரிய சாக்குல சருகு இருக்கணும். பச்சை கொட்டுறவங்க கை அங்கயே சருகையும் எடுத்து மூடணும். சருகு தோட்டத்தோட அந்தக் கோடியில இருந்தா எந்தப் பையனும் போய் எடுத்துட்டு வர மாட்டான், நீங்களும்தான் போக மாட்டீங்க.

நாறல, ஆனா மாசக்கணக்கா அப்படியே கெடக்கு, சூடே ஆகல

சூடு ஆகலைங்கறதால மட்டும் அது தப்பான கம்போஸ்ட் இல்ல. குவியல் சூடாகணும்னா ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், ஏறக்குறைய அந்த அளவு இருக்கணும், இல்லன்னா உள்ள உண்டாகுற சூடு வெளிய போயிக்கிட்டே இருக்கும். கிளாஸ் வாசல்ல வெச்ச சின்ன டிரம்முல 60 டிகிரி வரும்னு எதிர்பாக்காதீங்க. வராது. மெதுவா மக்கும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, களைச்செடி விதை, நோய் வந்த செடி இதெல்லாம் அழியணும்னா 55 டிகிரிக்கு மேல சில நாள் இருக்கணும், அதனால சின்ன பின்ல அத எல்லாம் போடவே கூடாது.

பெருசா இருந்தும் சும்மா கெடக்குன்னா மூணு சந்தேகம். ஒண்ணு காஞ்சு போச்சு, மேல ஈரமா தெரியும், உள்ள கைய விட்டா தூளா இருக்கும், கிளறிக்கிட்டே தண்ணி தெளிக்கணும், மேல ஊத்துனா அது ஓரமா இறங்கி ஓடிடும். ரெண்டு, எல்லாமே சருகு, பச்சையே இல்ல. மூணு, துண்டு பெருசு, முழு மக்காச்சோளக் கட்டை, தடிச்ச குச்சி எல்லாம் அப்படியே போட்டா வருஷம் ஆகும். மரத்தூள் கொட்டியிருக்காங்களான்னும் கேளுங்க, கைவேலை கிளாஸ்ல இருந்து மூட்டையா வந்து விழும், அதுல கார்பன் நைட்ரஜன் விகிதம் 300-க்கு 1-க்கு மேல போகும், கொஞ்சமா தூவலாம், மூட்டையா போட்டா எல்லாம் தூங்கிடும்.

மாணவர்களுக்கு தெர்மாமீட்டர் குடுத்து தினமும் அளக்கச் சொல்லுங்க, கிராஃப் போடச் சொல்லுங்க. கிளறின அன்னைக்கு எறங்கி, அப்புறம் ஏறும். ஏறவே இல்லன்னா ஒண்ணு அது மக்கி முடிஞ்சிருச்சு, இல்ல மேல சொன்ன மூணுல ஒண்ணு.

ஈ, புழு, எறும்பு, எலி

சின்னச் சின்ன பழ ஈ மொய்ச்சா பழத்தோல் மேலாப்புல திறந்து கெடக்குன்னு அர்த்தம். உள்ள புதைச்சு, மேல நாலு விரக்கடை சருகு போட்டா கொஞ்ச நாள்ல குறைஞ்சிடும்.

பழுப்பு நெறத்துல தட்டையா, கட்டம் கட்டமா புழு நெளிஞ்சா பயப்படாதீங்க, முக்கியமா மருந்து அடிக்காதீங்க. அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்கற ஈயோட புழு, படு வேகமா சாப்பிட்டு மக்க வைக்கும், வளந்த ஈ கடிக்காது, சாப்பாட்டு மேல உக்காந்து தொந்தரவு பண்ணாது. பாக்க அருவருப்பா இருக்கும், அது உண்மைதான், ஆனா சயின்ஸ் கிளாஸுக்கு இதவிட நல்ல பாடம் கிடைக்காது.

எறும்பு வந்தா காஞ்சு போச்சு. தண்ணி தெளிச்சு கிளறுங்க.

எலி வந்தா மட்டும் சீரியஸா எடுத்துக்கணும். சமைச்ச சாப்பாடு, எண்ணெய், இறைச்சி, பால் சாமான் யாரோ போடுறாங்க. லஞ்ச் முடிஞ்சு பின்ன திறந்து பாத்தாலே தெரிஞ்சிடும். அதெல்லாம் நிறுத்தணும், அடியிலயும் பக்கத்துலயும் 6 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இல்லாத கம்பி வலை போடணும். சாதாரண கோழி வலைய எலி ஒரு பொருட்டாவே மதிக்காது. எலி விஷத்த மட்டும் பசங்க நடமாடுற எடத்துல யோசிக்கக்கூட வேணாம்.

மண்புழுத் தொட்டியில புழு எல்லாம் மேல ஏறி தப்பிச்சு ஓடுது

புதுத் தொட்டின்னா முதல் சில நாள் இப்படித்தான் இருக்கும், ராத்திரி மேல ஒரு லைட் போட்டு வெச்சா கீழ எறங்கிடும், அதுக்கு வெளிச்சம் புடிக்காது. பழைய தொட்டியில திடீர்னு ஓடுனா உள்ள என்னமோ சரியில்ல. அளவுக்கு மீறி சாப்பாடு போட்டு சூடாகியிருக்கும், இல்ல புளிப்பான பழத்தோல், வெங்காயம், உப்பு போட்ட மிச்சம் நெறைய விழுந்திருக்கும், இல்ல அடியில தண்ணி தேங்கியிருக்கும். 15-ல இருந்து 25 டிகிரி வரைக்கும் அதுக்கு சுகம், வெயில் நேரா அடிக்கிற எடத்துல தொட்டி இருந்தா புழு வெந்துடும். முதல்ல போட்டது தீந்த பிறகுதான் அடுத்தது, இந்த ஒரு விதிய மட்டும் மூடி மேல பெருசா எழுதி ஒட்டுங்க.

தொட்டிக்கு வாங்க வேண்டியது மேல்மட்டத்துல குப்பைக்குள்ளயே வாழற சிவப்பு மண்புழு, ஐசீனியா ஃபெட்டிடாங்கற ஜாதி. தோட்டத்து மண்ண தோண்டி புடிச்ச புழு ஆழத்துல வாழற ஜாதி, டப்பாவுக்குள்ள போட்டா செத்துடும், பாவம்.

கம்போஸ்ட் போட்ட பின்னாடி செடி இன்னும் மோசமாச்சு

இது ரொம்ப பேர குழப்புற அறிகுறி. பாடுபட்டு மக்க வெச்சது, போட்டதும் செடி மஞ்சளாகி நிக்குது. காரணம் அது முழுசா மக்கல. பாதி மக்கின சரக்கு மண்ணுக்குள்ள போன பிறகும் நுண்ணுயிர் வேலைய விடாது, மிச்சம் இருக்கிற கார்பன சாப்பிட மண்ணுல இருக்கிற நைட்ரஜன இழுத்துக்கும், செடிக்கு ஒண்ணும் மிஞ்சாது. தளிர் வேர எரிக்கிற அமிலமும் இருக்கலாம். ஸ்கூல்ல ஏன் இது அடிக்கடி நடக்குதுன்னா, விழாவுக்குள்ள, கண்காட்சிக்குள்ள தோட்டம் ரெடியாகணும்னு அவசரப்படுவாங்க.

சோதிக்கிறது சுலபம். ஈரமான கம்போஸ்ட் கொஞ்சம் ஜிப் பையில போட்டு காத்து இல்லாம மூடி மூணு நாள் வெச்சு திறங்க, மண்வாசனை வந்தா தயார், புளிப்போ நாத்தமோ வந்தா இன்னும் ஆகணும். இல்லன்னா முள்ளங்கி விதைய ரெண்டு தட்டுல போடுங்க, ஒண்ணுல கம்போஸ்ட், ஒண்ணுல சாதாரண தொட்டி மண்ணு, நாலஞ்சு நாள்ல எதுல எத்தனை முளைச்சுதுன்னு எண்ணுங்க. சின்னப் பசங்களே பண்ணிடுவாங்க.

ஒரு அபூர்வ கேஸும் இருக்கு. தக்காளி, பீன்ஸ் இதோட புது இலை மட்டும் சுருண்டு, கப்பு மாதிரி மடிஞ்சு, முறுக்கிக்கிட்டு வந்தா வெளிய இருந்து வந்த சாணத்தையோ வைக்கோலையோ சந்தேகப்படுங்க. அமினோபைராலிட், குளோபைராலிட்னு சில களைக்கொல்லி மாடு தின்னு சாணியா வந்தும், மக்கியும் அழியாம கம்போஸ்ட்ல நிக்கும். இது கிளறிச் சரியாகுற விஷயம் இல்ல. இனிமே வெளிய இருந்து சாணம் வந்தா, முதல்ல ஒரு தொட்டியில கலந்து நாலு பீன்ஸ் விதை ஊணி ரெண்டு மூணு வாரம் பாத்துட்டு அப்புறம் பாத்தியில போடுங்க.

விதை முளைக்கல, இல்ல முளைச்சு அப்படியே சாயுது

முளைக்கவே இல்லன்னா தோண்டிப் பாருங்க, வெக்கப்படாதீங்க. பசங்க ஆர்வத்துல விதைய விரல் முழுக்க உள்ள விட்டு புதைச்சிருப்பாங்க. விதையோட தடிமன் மாதிரி ரெண்டு மூணு மடங்கு ஆழம் போதும், கீரை விதை மாதிரி பொடி விதைக்கு மேல தூவி லேசா மண்ண தடவினாலே போதும். விதை அழுகியிருந்தா தண்ணி அதிகம், காஞ்சு கெடந்தா கம்மி, விதையே காணோம்னா எறும்போ குருவியோ. பாக்கெட்ல போன வருஷத்து தேதி இருந்தா ஈரத் துணியில பத்து விதைய சுத்தி வெச்சு எத்தனை முளைக்குதுன்னு முதல்லயே பாத்துக்கோங்க.

முளைச்சு ஒரு வாரத்துல தண்டு தரையோட ஒட்டின எடத்துல நூலா மெலிஞ்சு படுத்துடுச்சுன்னா அது நாத்தழுகல். பூஞ்சைதான். சாஞ்சத காப்பாத்த முடியாது. அடுத்த தடவை விதைய தள்ளித் தள்ளி போடுங்க, தண்ணிய சாயங்காலம் ஊத்தாம காலையில ஊத்துங்க, பழைய கப்ப சோப்பு போட்டு கழுவி எடுங்க.

நெட்டையா, வெளிறி, ஜன்னல் பக்கமா வளைஞ்சு நின்னா வெளிச்சம் பத்தல. கிளாஸ் ஜன்னல் ஓரம் நமக்குத்தான் பளிச்சுன்னு தெரியுது. வெளிய மாத்துங்க, ஆனா ஒரே நாள்ல வெயில்ல தூக்கி வெக்காதீங்க, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

இலை மஞ்சள்

எல்லாரும் உடனே உரம்னு ஓடுவாங்க. நில்லுங்க. முதல்ல ஆள்காட்டி விரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடுங்க. ஈரமா, சில்லுன்னு இருந்தா தண்ணி ஊத்தாதீங்க, அதான் வைத்தியம். ஸ்கூல் தோட்டத்துல செடி தாகத்துல சாகறதவிட, வகுப்பு நடக்குற நாள்ல, மூழ்கிச் சாகறதுதான் அதிகம்ங்கறது என் கணிப்பு, ஏன்னா பூவாளி புடிக்கிறதுதான் பசங்களுக்கு புடிச்ச வேலை, அஞ்சு பேர் வந்தா அஞ்சு பேரும் ஊத்துவாங்க. வேருக்கு மண்ணுல காத்து வேணும், மண்ணுல இடைவெளி எல்லாம் தண்ணியா நெறைஞ்சா வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகின வேர் தண்ணிய இழுக்காது, செடி வாடும், வாடுனத பாத்து இன்னும் தண்ணி ஊத்துவாங்க. இந்தச் சுத்துல இருந்து வெளிய வர தொட்டி பக்கத்துல ரெண்டு பக்க அட்டை ஒண்ணு தொங்க விடுங்க, ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் சிவப்பு, இன்னைக்கு ஊத்தியாச்சுன்னா சிவப்பா திருப்பிடணும்.

விரல் வெச்சு பாத்தாச்சு, ஈரம் சரியா இருக்கு, ஆனாலும் மஞ்சள்னா எந்த இலைன்னு பாருங்க. அடியில இருக்கிற பழைய இலை முழுசா வெளுத்துக்கிட்டு வந்தா நைட்ரஜன் பத்தல, செடி பழைய இலையில இருந்து எடுத்து புதுசுக்கு குடுக்குது, நல்லா மக்கின கம்போஸ்ட் ஒரு அடுக்கு போடுங்க. மேல இருக்கிற புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச்சத்து சிக்கல், பெரும்பாலும் மண்ணுல இரும்பு இருக்கும், காரத்தன்மை அதிகமானதால செடியால எடுக்க முடியாது, கட்டடம் கட்டின எடத்துல சிமென்ட் சுண்ணாம்பு கலந்த மண்ணுல இது சகஜம். பி.எச். பேப்பர் (புளிப்பா காரமான்னு நெறம் மாறி காட்டுற பேப்பர்) வெச்சு பாத்துட்டு மேல போங்க.

பூ பூக்குது, காய் இல்ல. காய் வந்தா அடி கருப்பாகுது

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழுதான்னு கவனிங்க, காலையில பாத்துட்டு சொல்லாதீங்க, ஸ்கூல் கட்டடம் மத்தியானத்துக்கு மேல மறைக்கும். வெயில் இல்லாத எடம்னா காய்கறிய விட்டுட்டு கீரை, புதினா மாதிரி இலைக்குப் போங்க. பூசணி, வெள்ளரி மாதிரி ஆண் பூ பெண் பூ தனித்தனியா வர்றதுல முதல்ல ஆண் பூவாதான் கொட்டும், பொறுமையா இருங்க. பெண் பூ வந்தும் பிஞ்சு உதிர்ந்தா தேனீ வரல, சின்ன பிரஷ் எடுத்து பசங்கள விட்டு மகரந்தம் தடவ சொல்லுங்க.

தக்காளியோட அடி கருப்பா, தோல் மாதிரி ஆச்சுன்னா அது பூச்சியும் இல்ல நோயும் இல்ல, காய்க்கு கால்சியம் போய்ச் சேரல. கால்சியம் தண்ணியோடதான் போகும், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வெள்ளம், சனி ஞாயிறு வறட்சின்னா இது வரத்தான் செய்யும். மூடாக்கு போட்டு, அதாவது மண்ண சருகால மூடி, ஈரத்த ஒரே சீரா வெச்சாலே அடுத்து வர்ற காய் நல்லா வரும்.

பழைய பாட்டில், டயர், மரப்பெட்டியில நட்டது தேறல

பாட்டில்ல அடியில ஓட்டை போட்டிருக்காங்களான்னு பாருங்க, பாதிக்குப் பாதி அதுதான். ஓட்டை இருந்தும் வாடுனா மண்ணு அளவு பத்தல, ஒரு லிட்டர் பாட்டில்ல தக்காளி வளராது, கீரை, புதினா வளரும். வெயில்ல ஒரு வருஷம் கெடந்த பாட்டில் நொறுங்க ஆரம்பிச்சிடும், கையில உதிர்ந்தா உடனே எடுத்து பிளாஸ்டிக் பின்ல போடுங்க, தூளாகி மண்ணுல கலந்துட்டா பொறுக்க முடியாது. சுவர் முழுக்க பாட்டில் தொங்க விடுறது போட்டோவுக்கு நல்லா இருக்கும், தண்ணி ஊத்துறவங்களுக்குத்தான் தெரியும் அதோட கஷ்டம்.

டயர் பூச்செடிக்கு ஓகே, சாப்பிடுற செடிக்கு வேணாம், அதுல இருந்து துத்தநாகமும் மத்ததும் கசியும். மரப்பெட்டி, சரக்கு ஏத்துற பலகைல பாத்தி கட்டுறதா இருந்தா பலகையில இருக்கிற முத்திரைய படிங்க. எச்.டி.ன்னு (HT) இருந்தா சூடுபடுத்தி பூச்சி நீக்கினது, எம்.பி.ன்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அத தொடாதீங்க. முத்திரையே இல்லாத, பச்சை சாயம் ஏறின பழைய வெளிப்புற மரத்துல ஆர்சனிக் இருக்க வாய்ப்பு உண்டு.

செடி நல்லாத்தான் இருக்கு, ஆனா சாப்பிடலாமா?

பழைய கட்டடத்துச் சுவர் ஓரத்துல, ரோட்டு ஓரத்துல பாத்தி இருந்தா கேக்க வேண்டிய கேள்விதான். பழைய பெயின்ட் உதிர்ந்த மண்ணுல ஈயம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, செடியும் காட்டிக் குடுக்காது. ஒரு தடவை மண்ண லேபுக்கு அனுப்பி பாத்துடுங்க. சந்தேகமா இருந்தா அடியில துணி விரிச்சு புது மண்ணுல உயரப் பாத்தி கட்டிக்கோங்க. கம்போஸ்ட், தொட்டி மண்ணு கையாண்டா கை கழுவணும், தூள் பறந்தா முதல்ல தண்ணி தெளிக்கணும், பைய திறந்து மூக்க உள்ள விடக் கூடாது, லெஜியோனெல்லாங்கற பாக்டீரியாவுல ஒரு வகை இந்த மண்ணுலதான் வாழுது.

ரீசைக்கிளிங் பின்ல எல்லாமே கலந்து வருது

பசங்களுக்கு பொறுப்பு இல்லன்னு அசெம்பிளியில திட்டுறதுக்கு முன்னாடி பின் எங்க இருக்குன்னு போய் பாருங்க. ரீசைக்கிளிங் பின் தனியா நின்னா அதுல குப்பை விழும், குப்பை பின் தனியா நின்னா அதுல பேப்பர் விழும், ஏன்னா கையில இருக்கிறத போட பக்கத்துல எது இருக்கோ அதுலதான் யாரா இருந்தாலும் போடுவாங்க. ரெண்டும் எப்பவும் ஜோடியா இருக்கணும். மூடியோட வாயும் உதவும், பேப்பருக்கு நீளமான சந்து, பாட்டிலுக்கு வட்ட ஓட்டை, அப்படி வெச்சா கை தானா யோசிக்கும். கலர் மாடிக்கு மாடி மாறக் கூடாது. லேபிள்ல வாசகம் எழுதாதீங்க, உங்க கேன்டீன்ல நெஜமா வர்ற பொருளையே ஒட்டுங்க, அந்த ஜூஸ் டப்பா, அந்த பாட்டில், அந்த கவர்.

எது கலக்குதுன்னு தெரியணும்னா ஒரு நாள் குப்பைய விரிச்சு எண்ணித்தான் ஆகணும். ஒரு பெரிய ஷீட், கையுறை, தராசு, டாய்லெட் குப்பையும் உடைஞ்ச கண்ணாடியும் இதுல சேரக் கூடாது, மத்தத பிரிச்சு எடை போட்டு எழுதுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு பொருள்தான் மொத்தக் குழப்பத்துக்கும் காரணமா இருக்கும். அதுல அடிக்கடி மாட்டுறது இதெல்லாம்:

சிப்ஸ் கவர். உள்பக்கம் அலுமினியம் மாதிரி மின்னும், அது உலோகம் பூசின பிளாஸ்டிக். கசக்கி விட்டுப் பாருங்க, திரும்ப விரிஞ்சா அது ஃபாயில் இல்ல.

ஜூஸ் டப்பா, பால் டப்பா. பேப்பர்னு போடுவாங்க, உள்ள பாலித்தீன் அடுக்கும் பலதுல அலுமினிய அடுக்கும் இருக்கு, தனி மில் இருந்தாத்தான் பிரிக்க முடியும். உங்க பக்கம் எடுக்கிறாங்களான்னு கேட்டுட்டு போடுங்க.

முக்கோணத்துக்குள்ள நம்பர் இருந்தா ரீசைக்கிள் ஆகும்னு நினைக்கிறது. இது பசங்க தப்பு இல்ல, குழப்பத்துக்கு ஒரு வரலாறே இருக்கு. சுத்துற மூணு அம்புக்குறி 1970-ல கேரி ஆண்டர்சன்ங்கற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்கு வரைஞ்சது, அது மறுசுழற்சிக்கான சின்னம். 1988-ல அங்க இருக்கிற பிளாஸ்டிக் தொழில் சங்கம் கிட்டத்தட்ட அதே மாதிரி முக்கோணத்துக்குள்ள 1-ல இருந்து 7 வரைக்கும் நம்பர் போட்டுச்சு, அது என்ன வகை பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லுது. 1 பெட் (PET, தண்ணி பாட்டில் மாதிரி), 2 எச்.டி.பி.இ. (HDPE, ஷாம்பு பாட்டில் மாதிரி தடிச்சது), இது ரெண்டும் நெறைய எடத்துல எடுப்பாங்க, 5-ஐ சில எடத்துல, 3, 6, 7-ஐ பெரும்பாலும் யாரும் எடுக்க மாட்டாங்க. உங்க குப்பைய எடுக்கிறவங்க எந்த நம்பர எடுப்பாங்களோ அந்த நம்பர மட்டும் லேபிள்ல போடுங்க.

மக்கும் கப்புன்னு எழுதின பி.எல்.ஏ. கப், அதாவது செடியில இருந்து எடுத்த பிளாஸ்டிக்ல செஞ்சது. பாக்க பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். ஆலையில 60 டிகிரி பக்கம் சூட்டுல வெச்சாத்தான் மக்கும், உங்க பின்ல வருஷக்கணக்கா முழுசா கெடக்கும், பிளாஸ்டிக்கோட போட்டா அதையும் கெடுக்கும். வாங்காம இருக்கிறதுதான் நல்லது.

பேப்பர் மூட்டைய எடுக்க மாட்டேங்குறாங்க

ஈரம், இல்லன்னா எண்ணெய். மேல சொன்ன ஜோடி பின் சரியா இருந்தா பாதி சரியாயிடும், மிச்சத்துக்கு மூட்டைய மழை படாத எடத்துல வைங்க. டிஷ்யூ பேப்பர எடுக்க மாட்டாங்க, நார் ரொம்ப குட்டையாயிடுச்சு, பேப்பர் நார் அஞ்சு ஆறு சுத்துக்கு மேல தாங்காது. எண்ணெய் படாத டிஷ்யூ கம்போஸ்ட்டுக்குப் போகலாம். கடை பில் மாதிரி வழவழன்னு இருக்கிற தெர்மல் பேப்பர்ல பிஸ்ஃபீனால்ங்கற ரசாயனம் இருக்கலாம், அது பேப்பர் பின்லயும் வேணாம் கம்போஸ்ட்லயும் வேணாம், குப்பையில போடுங்க.

பேட்டரி சேக்குற டப்பா சூடாகுது, வீங்குது

உடனே பசங்கள தள்ளி நிக்கச் சொல்லிட்டு, பெரியவங்கதான் கிட்ட போகணும். லித்தியம் பேட்டரி முனை ஒண்ணோட ஒண்ணு உரசுனா தீப்புடிக்கும். முனையில டேப் ஒட்டி, பேப்பர் பின்னுக்குப் பக்கத்துல வெக்காம, கொஞ்சமா சேந்த உடனே அனுப்பிடுங்க. வீங்கின பேட்டரிய சேகரிப்புல வாங்கவே வாங்காதீங்க.

தோட்டம் வெச்சதுல இருந்து கொசு

முட்டையில இருந்து கொசுவா பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கிழமை, தொட்டித் தட்டு, காலி பாட்டில், டயர் உள்பக்கம், மழைத்தண்ணி டிரம் எல்லாத்தையும் சுத்தணும். கவுத்தா மட்டும் போதாது, ஏடிஸ் கொசு முட்டைய தண்ணி மட்டத்துக்கு மேல ஓரத்துல ஒட்டி வெக்கும், அது மாசக்கணக்கா காஞ்சு கெடந்தும் தண்ணி பட்டதும் பொரிக்கும், தேய்ச்சுக் கழுவுங்க. டிரம் வாயில பொடிக்கண் வலை கட்டுங்க.

லீவு முடிஞ்சு வந்தா எல்லாம் காஞ்சு போச்சு

இதுக்கு லீவு முடிஞ்ச பிறகு வைத்தியம் இல்ல, விதை போடும்போதே பண்ணணும். லீவு ஆரம்பிக்கிற தேதியில இருந்து பின்னாடி எண்ணுங்க. முள்ளங்கியும் கீரையும் ஒரு மாசத்துல கைக்கு வரும், பீன்ஸ் ரெண்டு மாசம் பக்கம், தக்காளி நாத்து நட்டதுல இருந்து ரெண்டு ரெண்டரை மாசம். எது லீவுக்கு முன்னாடி முடியுதோ அத மட்டும் போடுங்க, பாதியில லீவு வர்றத போட்டுட்டு யாராவது வந்து ஊத்துவாங்கன்னு நம்பாதீங்க.

சின்ன லீவுன்னா 5-ல இருந்து 7 சென்டிமீட்டர் மூடாக்கு, தொட்டிய எல்லாம் நெழல்ல ஒண்ணா நெருக்கி வைக்கிறது, சுட்ட மண்பானைய கழுத்து வரைக்கும் செடி நடுவுல புதைச்சு தண்ணி ஊத்தி மூடி வைக்கிறது, இது போதும். பானை மேல பெயின்ட் அடிச்சு அழகு பண்ணியிருந்தா தண்ணி கசியாது. பெரிய லீவுக்கு பாத்திய காலி பண்ணி சருகால மூடிட்டுப் போறது கௌரவக் குறைச்சல் இல்ல. கம்போஸ்ட் பின் தானா இருக்கும், மெதுவாகும், அவ்வளவுதான். மண்புழுத் தொட்டிய மட்டும் யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.

எல்லாம் ஒரே டீச்சர் தலையில

முதல் மாசம் நாப்பது பேர், மூணாவது மாசம் அந்த டீச்சரும் ரெண்டு பசங்களும். அந்த டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா புராஜெக்ட் முடிஞ்சுது. 1994-ல ஆரம்பிச்ச ஈகோ ஸ்கூல்ஸ்ங்கற, பல நாட்டு ஸ்கூல்கள் சேந்த சுற்றுச்சூழல் திட்டத்துல ஏழு படி வெச்சிருக்காங்க, அதுல முதல் படியே மாணவர்கள் இருக்கிற கமிட்டி, செடி அப்புறம்தான் வருது. இந்த வரிசை சரின்னுதான் எனக்கும் படுது.

எல்லாரும் பாத்துக்கோங்கன்னு சொன்னா யாரும் பாக்க மாட்டாங்க. ஒவ்வொரு பாத்திக்கும், ஒவ்வொரு பின்னுக்கும் ரெண்டு பேர், ஒருத்தர் பெரிய கிளாஸ், ஒருத்தர் சின்ன கிளாஸ், பெரியவங்க படிச்சு முடிச்சுப் போனாலும் சின்னவங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்கும். வேலைய இடைவேளையில வெக்காதீங்க, விளையாட்ட விட்டுட்டு யாரும் வர மாட்டாங்க, கணக்கு கிளாஸ்ல எடை போடுறது, அறிவியல் கிளாஸ்ல வெப்பநிலை எடுக்கிறதுன்னு பீரியடுக்குள்ளயே கொண்டு வாங்க. தோட்டம் சின்னதா இருக்கட்டும், ரெண்டு பாத்திய ஒழுங்கா பாத்துக்க முடிஞ்சா அடுத்த வருஷம் மூணாவது. அப்புறம் தண்ணிக் குழாய் சாவி, பின் எடுக்கிறவங்க நம்பர், நோட்டு, இந்த மூணும் குறைஞ்சது ரெண்டு பேர் கிட்ட இருக்கணும், அதுல ஒருத்தர் ஸ்கூல் வாட்ச்மேனாவோ துப்புரவு செய்யுற அம்மாவாவோ இருந்தா லீவுலயும் கவலை இல்ல, ஆனா அவங்கள கேட்டு, அவங்களுக்கும் விளைச்சல்ல பங்கு உண்டுன்னு சொல்லி சேத்துக்கோங்க, சொல்லாம வேலைய தலையில கட்டாதீங்க.